நிமிர்த்தக் கூடாத குழாய்: அல்ட்ராலைட் சட்டகத்தை வீட்டுப் பட்டறையில் பழுது பார்ப்பது

அமெரிக்காவில் ஓர் அல்ட்ராலைட் விமானத்தின் சட்டகக் குழாய் வளைந்துவிட்டால், உரிமம் பெற்ற மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. 1982-இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்க விமான விதிகளின் பகுதி 103 என்னும் விதிதான் இதற்குக் காரணம். ஒருவர் மட்டும் அமர்ந்து பொழுதுபோக்குக்காகப் பறக்கும் விமானம், வெற்று எடை 254 பவுண்டுக்கும் (115 கிலோ) குறைவு, எரிபொருள் 5 கேலனுக்கு (19 லிட்டர்) மேல் கூடாது, முழு வேகம் மணிக்கு 55 கடல் மைலைத் (102 கி.மீ.) தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் இருந்தால் பதிவெண் வேண்டாம், தகுதிச் சான்று வேண்டாம், ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டாம். செய்த பழுது வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடவும் யாரும் வரமாட்டார்கள். இந்தியாவில் மைக்ரோலைட்டுகள் (இவ்வகைச் சிறு விமானங்கள்) விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-விடம் பதிவாக வேண்டும் என்பதால் இந்தச் சுதந்திரம் இங்கே கிடையாது. கீழே சொல்வது அமெரிக்க நடைமுறை.

குயிக்சில்வர் போன்ற விமானங்களைப் பார்த்தால், துணி போர்த்திய அலுமினியக் குழாய்களும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளும்தான் தெரியும். ஹேங் கிளைடரிலிருந்து வளர்ந்த வடிவம் அது. குழாய்கள் அநேகமாக எல்லாமே போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. வெல்டிங் மிகக் குறைவு. இரண்டு ஸ்பேனர் இருந்தால் எந்தக் குழாயையும் கழற்றிவிடலாம். எனவே 'பழுது பார்ப்பது' என்பதற்கு இங்கே பெரும்பாலும் ஒரே பொருள்தான்: பழைய குழாயைக் கழற்றி, அச்சு அசலாக அதேபோன்ற புதியதைப் போடுவது. நிமிர்த்துவது, ஒட்டுப் போடுவது, வெல்டு வைப்பது எல்லாம் மற்ற இடங்களில் கைகொடுக்கும் கெட்டிக்காரத்தனங்கள். அவை இந்தச் சட்டகத்தில் ஏன் எடுபடாது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குழாய் எப்படித் தோற்கிறது

இவ்வகை விமானங்களில் அதிகம் புழங்குவது 6061-டி6 என்னும் அலுமினியக் கலப்புலோகம். அலுமினியத்தோடு சுமார் 1 சதவீதம் மக்னீசியமும் 0.6 சதவீதம் சிலிக்கானும் சேர்ந்தது. எடுத்துக்காட்டுக்கு 1 அங்குல (25.4 மி.மீ.) வெளிவிட்டமும் 0.058 அங்குலச் (1.47 மி.மீ.) சுவர்த் தடிமனும் கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் உலோகத்தை நசுக்கி நிரந்தரமாக உருக்குலைக்கச் சுமார் 2,700 கிலோ விசை வேண்டும். ஆனால் அதே குழாய் 5 அடி நீளமாக இருந்து, இரு முனையிலும் ஒற்றைப் போல்ட்டில் நின்று, நீளவாக்கில் அழுத்தப்பட்டால் சுமார் 240 கிலோவிலேயே பக்கவாட்டில் நெளிந்து மடங்கிவிடும். ஆய்லரின் சூத்திரம் தரும் கணக்கு இது. நீளம் பாதியானால் தாங்கும் சுமை நான்கு மடங்காகி 950 கிலோவைத் தொடும்.

அழுத்தத்தில் நிற்கும் நீண்ட குழாயைக் காப்பாற்றுவது உலோகத்தின் வலிமையைவிட, நேராகவும் வட்டமாகவும் இருக்கும் அதன் வடிவம்தான் என்பது இதிலிருந்து தெரியும். சுவர் ஓரிடத்தில் சொட்டை விழுந்து உள்வாங்கினால், குழாய் மடங்கத் தொடங்கும் இடத்தை நாமே குறித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். வேனில் ஏற்றும்போது கதவில் இடித்துக்கொண்ட சின்னச் சொட்டை, தரையிறங்கும்போது வாங்கிய அடியைவிட மோசமான இடத்தில் இருக்கலாம். குழாயின் நடுப் பகுதியில் விழுந்த சொட்டைதான் மிகப் பொல்லாதது.

வளைந்த குழாயை நிமிர்த்துவதற்கு வருவோம். குழாய் நிரந்தரமாக வளைந்து நிற்கிறது என்றால், அதன் வெளி விளிம்பு தன் நெகிழ்வு எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். திரும்ப நிமிர்த்தும்போது அதே உலோகம் எதிர்த்திசையில் இன்னொரு முறை அந்த எல்லையைத் தாண்டுகிறது. டி6 பதத்தில் (வெப்பத்தால் பக்குவப்படுத்திய நிலையில்) இருக்கும் உலோகத்துக்கு இப்படி முன்னும் பின்னும் மடக்குவதைத் தாங்கும் பொறுமை குறைவு. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, வளைந்த இடத்தில் குழாய் முட்டை வடிவாகச் சப்பியிருக்கும். நீளவாக்கில் நேராகிவிட்டாலும் குறுக்கு வட்டம் திரும்பி வராது. கண்ணை வைத்துப் பார்த்தால் அம்பு மாதிரி நேராகத் தெரியும், காலிப்பர் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 24.6 என்று காட்டும்.

வெல்டிங் இன்னும் மோசம். 6061-டி6 தன் வலிமையைப் பெறுவது வெப்பப் பக்குவத்தில்: சுமார் 530 டிகிரி செல்சியஸில் வைத்துத் தண்ணீரில் தோய்த்து, பிறகு 160-175 டிகிரியில் பல மணி நேரம் ஊறவைத்த பதம் அது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கலைந்துவிடும். குறைந்தபட்ச இழுவலிமை 290 மெகாபாஸ்கலில் இருந்து 165 அளவுக்கு இறங்கிவிடும். நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை அதைவிடவும் அதிகமாகச் சரியும். வெல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் உடைவது அதை ஒட்டிய பகுதியில்தான். அந்தப் பதத்தை மீட்கும் உலை வீட்டில் இருக்காது.

சேதத்தைத் தேடுவது

வளைந்த குழாய் கண்ணில் பட்டதும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. அந்தக் குழாயை வளைத்த விசை எங்கிருந்தோ வந்து, இதன் வழியாக எங்கோ போயிருக்கிறது. சக்கர அச்சு வளைந்திருந்தால் அதைத் தாங்கும் குழாய், அது பூட்டியிருக்கும் தகடு, இருக்கைக்குக் கீழே செல்லும் குழாய், கம்பியின் முனைக் கொக்கி என்று விசை போன வழியெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுப் பழுதுகளில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடம்தான். உடைந்ததை மாற்றிவிட்டு, உடையப் போவதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

கழற்றுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். இரு இறக்கை நுனிகளிலிருந்தும் வாலுக்கு உள்ள தூரம், மூலைவிட்டங்கள், ஒவ்வொரு கம்பியும் எந்தத் துளையில் பூட்டியிருக்கிறது என்பது வரை குறித்து, படமும் எடுத்துவைக்க வேண்டும். இறக்கையின் எடையை முட்டுக் கொடுத்துத் தாங்கிய பிறகே கம்பியைத் தளர்த்தலாம். துணியை உருவாமல் இறக்கைக் குழாயைச் சோதிக்க முடியாது; துணிக்கு மேல் தடவிப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்பது சோதனையாகாது.

குழாயைச் சுத்தமாகத் துடைத்து, பழைய நைலான் காலுறையை அதன் மேல் இழுத்துப் பார்க்கலாம். பிசிறும் விரிசலும் நூலைப் பிடித்து இழுக்கும். டார்ச் விளக்கைக் குழாயை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் சொட்டைகள் நிழல் காட்டும். சமதளக் கண்ணாடியிலோ கிரானைட் பலகையிலோ உருட்டினால் வளைவு தெரியும். ஆனோடைஸ் செய்த குழாயில் ஒரு வசதி உண்டு: அந்தப் பூச்சு உலோகத்தைப் போல நீளாது. எல்லை மீறி இழுபட்ட இடத்தில் குறுக்கே மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். அந்தக் கோடுகள் உலோகத்தில் விரிசலாக இறங்கவில்லை என்றாலும், அந்த இடம் என்ன பட்டது என்பதற்கு அவை சாட்சி.

போல்ட் துளைகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்தது. சந்தேகமான இடத்தில் சாய ஊடுருவிச் சோதனை செய்யலாம்: மூன்று ஸ்பிரே டப்பா, கால் மணி நேரப் பொறுமை. சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். மேலே பெயிண்ட் இருந்தால் இது பலிக்காது. முதலில் அதை நீக்க வேண்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து நீக்கினால் மென்மையான அலுமினியம் விரிசலின் வாயை இழுகி மூடிவிடும். பெயிண்ட் கரைப்பான்தான் சரி.

சரியான குழாய், தவறான குழாய்

விமானப் பொருள் விற்பவர்களிடம் வாங்கும் 6061-டி6 குழாயில் நீளம் முழுக்க அச்சடித்திருப்பார்கள்: கலப்புலோகம், பதம், விட்டம், சுவர்த் தடிமன், ஏஎம்எஸ் 4082 அல்லது டபிள்யூடபிள்யூ-டி-700/6 என்ற தர எண். இது தையல் இல்லாமல் இழுத்து உருவாக்கிய குழாய். வன்பொருள் கடையில் தொங்கும் பளபளப்பான குழாய் அநேகமாக 6063-டி5. விட்டமும் தடிமனும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் நெகிழ்வு எல்லை 110 மெகாபாஸ்கல்தான், 6061-டி6-க்கு 240. பாதிக்கும் குறைவு. இரண்டின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் இதில் உள்ள பொறி. முழங்காலில் வைத்து லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது; சுமை ஏறிய பிறகுதான் தெரியும். அச்சு அழிந்த துண்டுக் குழாய்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விமானத்துக்கு ஆகாது. கூடாரத்துக்கோ பூந்தொட்டிக்கோ வைத்துக்கொள்ளலாம்.

0.058 அங்குலம் என்ற விநோதமான தடிமன் எங்கும் ஏன் வருகிறது? ஓர் அங்குலக் குழாயின் இரு சுவர்களையும் கழித்தால் உள்விட்டம் 0.884 அங்குலம். அதற்கு அடுத்த சிறிய அளவான எட்டில் ஏழு அங்குலக் குழாய் (0.875) உள்ளே போனால் 0.009 அங்குலம், அதாவது 0.23 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். எட்டில் ஓர் அங்குலப் படியில் ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் நுழையும். போல்ட் வரும் இடங்களிலும் வளைவு விசை மிகும் இடங்களிலும் தயாரிப்பாளர்கள் உள்ளே ஸ்லீவ் போட்டிருப்பது இப்படித்தான். பழைய குழாயின் உள்ளே எங்கிருந்து எங்குவரை ஸ்லீவ் இருந்தது என்று அளக்காமல் குழாயைத் தூக்கி எறிந்தவர்கள் பிறகு குப்பைத்தொட்டியைக் கிளற வேண்டிவரும்.

ஸ்லீவ் முடியும் இடத்தில் விறைப்பு திடீரென்று மாறும். விசை குவிவதும் குழாய் உடைவதும் அங்கேதான். அதனால் ஸ்லீவின் முனையை நேராக வெட்டாமல், சாய்வாகவோ மீன்வாய் போலவோ வெட்டுவது நல்லது. 'குழாய் மடங்கிய இடத்தில் உள்ளே ஒரு ஸ்லீவைத் தள்ளிவிட்டால் போச்சு' என்ற யோசனையும் இதே காரணத்தால் ஆபத்தானது. பலவீனம் நீங்காது, இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். தயாரிப்பாளரின் வரைபடத்தில் இல்லாத ஸ்லீவைப் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதே மேல்.

வெட்டுவதும் துளையிடுவதும்

உருளைக் குழாய் வெட்டியைப் பயன்படுத்தினால் விளிம்பு உட்பக்கமாக மடிந்துகொள்ளும், ஸ்லீவ் நுழையாது. அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு போதும், 1.47 மி.மீ. சுவரில் ஏறத்தாழ இரண்டு பற்கள் பதிந்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. குழாயைச் சுற்றிக் காகிதத்தை விளிம்போடு விளிம்பு பொருந்தச் சுற்றினால் நேரான வெட்டுக்கோடு கிடைக்கும். பிறகு அரம் போட்டு, உள்ளும் புறமும் பிசிறு எடுக்க வேண்டும்.

குறி போடுவதற்குப் பென்சில் கூடாது. பென்சிலில் இருப்பது கிராஃபைட். ஈரம் பட்டால் அலுமினியத்தோடு மின்கலம் போல வேலை செய்து உலோகத்தை அரிக்கும். கூர் ஊசியால் கீறவும் கூடாது, கீறலே நாளைய விரிசல். ஃபெல்ட் பேனா மட்டும். நீளவாக்கில் நேர்கோடு போட எளிய வழி, ஓர் அலுமினிய ஆங்கிளைக் குழாயின் மேல் கவிழ்த்து வைத்து அதன் விளிம்போடு கோடு இழுப்பது. நேர் எதிர்ப்பக்கத்தைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டையைச் சுற்றளவுக்கு வெட்டி (ஓர் அங்குலக் குழாய்க்கு 79.8 மி.மீ.) சரிபாதியாக மடிக்கலாம்.

துளைகளின் இடத்தைப் பழைய குழாயிலிருந்து எடுக்கலாம், அது நேராக இருந்தால். வளைந்த குழாயின் வெளிப்புறம் நீண்டும் உட்புறம் சுருங்கியும் இருக்கும். அதிலிருந்து அளந்தால் பிழை உறுதி. மறுபக்க இறக்கையில் இருக்கும் இணைக் குழாயை அளப்பது பாதுகாப்பு. ஆனால் அது கண்ணாடிப் பிம்பம்போல இடம்வலம் மாறியிருக்கும் என்பதை மறந்து வீணாக்கிய குழாய்கள் ஏராளம்.

துளை எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதும் சாதாரண விஷயமில்லை. அதே ஓர் அங்குலக் குழாயில் கால் அங்குலத் துளையை மேலிருந்து கீழாகப் போட்டால், மேல்கீழ் வளைவை எதிர்க்கும் அந்த இடத்தின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே துளையைப் பக்கவாட்டில் போட்டால் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. கேமரா தாங்கியோ ஆண்டெனாவோ பூட்டுவதற்காக இறக்கைக் குழாயின் மேல் கூடுதலாக ஒரு துளை போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். துளையின் மையம் குழாய் முனையிலிருந்து குறைந்தது துளை விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும்.

கை டிரில்லை ஒரே மூச்சில் இரு சுவரிலும் ஓட்டினால் மறுபக்கத் துளை விலகும். டிரில் பிரஸ்ஸும், குழாய் உருளாமல் பிடிக்கும் வி பிளாக்கும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரு பக்கமும் தனித்தனியே 3 மி.மீ. வழிகாட்டித் துளை போட்டு, படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசிச் சில நூறிலொரு மில்லிமீட்டரை ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) வைத்து இரு சுவரையும் சேர்த்து எடுக்க வேண்டும். மெல்லிய சுவரை டிரில் கடந்து வெளியேறும் நொடியில் அது கவ்வி இழுக்கும். துளை முக்கோணம்போல ஆகும். ரீமர் போடுவது அதைத் தவிர்க்கத்தான். துளை தவறினால் பக்கத்தில் இன்னொன்று போட்டு எட்டு என்ற எண் வடிவில் இணைத்துவிடக் கூடாது. அந்தக் குழாயைக் குட்டையான வேறு பாகத்துக்கு எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

ஸ்லீவை உள்ளே விடுவதற்கு முன் துளைப் பிசிறுகளையும் சீவல்களையும் முழுக்க அகற்ற வேண்டும். ஒரே ஒரு சீவல் இடையில் மாட்டினாலும் அலுமினியம் அலுமினியத்தைக் கவ்விக்கொள்ளும். பாதி வழியில் நின்ற ஸ்லீவ் முன்னும் போகாது, பின்னும் வராது. சுத்தியலால் அடிப்பது நிலைமையை நிரந்தரமாக்கும். துருத்தடுப்பு பிரைமரை ஈரமாகப் பூசி, சுழற்றியபடி கையாலேயே தள்ளினால் பெரும்பாலும் போய்ச் சேரும்.

போல்ட்

விமான போல்ட்டுகளுக்கு ஏஎன் (அமெரிக்க ராணுவ-கடற்படைத் தர) எண் உண்டு. ஏஎன்3 என்றால் பதினாறில் மூன்று அங்குலம், ஏஎன்4 என்றால் கால் அங்குலம். கால் அங்குல ஏஎன்4 போல்ட்டை ஒரு தளத்தில் வெட்டிப் பிரிக்க 3,680 பவுண்டு (1,670 கிலோ) வேண்டும். குழாயின் மெல்லிய சுவர் அதற்கு வெகு முன்பே கிழிந்துவிடும். எனவே 'இன்னும் வலுவான போல்ட்' தேடுவதில் பயனில்லை. கடை போல்ட்டின் உண்மையான குறை வலிமையில் இல்லை, அளவில் இருக்கிறது: தண்டு சற்று மெலிந்து துளையில் ஆடும், மரை குழாயின் சுவர் வரை நீண்டு அரம்போல அதை ராவும். ஏஎன் போல்ட்டில் மரையில்லாத தண்டின் நீளத்தைப் பொருளின் தடிமனுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். மீதத்தை வாஷர் சரிசெய்யும். மூன்று வாஷருக்கு மேல் தேவைப்பட்டால் போல்ட் நீளம் தப்பு.

நைலான் பூட்டு நட்டைக் கழற்றினால் புதியதைப் போட வேண்டும். அதன் விலை காபி விலைதான். முறுக்கு அட்டவணையில் உள்ள முழு அளவுக்கு வெற்றுக் குழாயை இறுக்கினால் சுவர் உள்வாங்கும். உள்ளே புஷ்ஷோ (தாங்கு வளையமோ), வெளியே சேணம்போன்ற தாங்கியோ இல்லாத இடத்தில் இறுக்கமாக உட்காரும் வரை மட்டுமே திருக வேண்டும். போல்ட்டின் தலை மேல்நோக்கியோ முன்னோக்கியோ இருக்கட்டும். நட் கழன்றாலும் போல்ட் இடத்தில் நிற்கும்.

எஃகுச் சட்டகம் என்றால்

சில அல்ட்ராலைட்டுகளில் ஓட்டுபவர் அமரும் கூண்டு 4130 என்னும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயால் வெல்டு செய்தது. இங்கே வெல்டிங் அனுமதிக்கப்பட்ட வழி, ஆனால் 0.9 மி.மீ. சுவரில் டிக் (ஒரு வகை மின்வில் வெல்டிங்) முறையிலோ ஆக்ஸி-அசிட்டிலின் சுடராலோ செய்யத் தெரிந்த கை வேண்டும். அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி கையேடு சான்று பெற்ற விமானங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் இதற்கும் நல்ல அளவுகோல். அதன்படி, சொட்டையின் ஆழம் குழாய் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கையும், அகலம் சுற்றளவில் கால் பங்கையும், நீளம் குழாய் விட்டத்தையும் தாண்டாமல், விரிசலும் கூர்மடிப்பும் இல்லாமல் இருந்தால்தான் மேலே ஒட்டுத் தகடு வெல்டு செய்யலாம். அதற்கு மேல் போனால் உள்ஸ்லீவ் வைத்து 30 டிகிரி சாய்வு வெட்டில் இணைக்க வேண்டும். குழாயின் நடு மூன்றில் ஒரு பங்கில் இணைப்பு வரக் கூடாது. சூடான வெல்டைத் தண்ணீரில் குளிர்வித்தால் 4130 கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறும்; காற்றில் தானாக ஆற விட வேண்டும். பித்தளை வைத்து ஒட்டிய பழைய இடத்தின் மேல் வெல்டு போடவே கூடாது, உருகிய பித்தளை எஃகின் நுண்படிகங்களுக்கிடையே புகுந்து பிளக்கும்.

திரும்பப் பூட்டியபின்

முதலில் எடுத்துவைத்த அளவுகளோடு மூலைவிட்டங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கம்பியை இழுத்துச் சரிக்கட்ட முயலாமல் துளைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். கம்பியால் இழுத்து உட்கார வைத்த குழாய், பறப்பதற்கு முன்பே பாதிச் சுமையைச் சுமந்து நிற்கும். சட்டகம் இடிபட்ட அதே நேரத்தில் மடங்கிய கம்பிகளையும் மாற்ற வேண்டும்; எஃகுக் கம்பியில் ஒருமுறை விழுந்த மடிப்பு போகாது.

இறக்கை நுனியைக் கையால் மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா பார்த்து, தரையில் மட்டும் ஓட்டி, மறுபடி ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்த பிறகே முதல் பறப்பு. அது ஓடுபாதைக்கு மேலேயே, காற்றில்லாத காலை வேளையில் இருக்கட்டும். புதிய போல்ட்டுகள் முதல் ஒரு மணி நேரத்தில் தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும்; அப்போது ஒருமுறையும், ஐந்து மணி நேரப் பறப்புக்குப் பின் இன்னொரு முறையும் துணியின் ஜிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். துளையைச் சுற்றிக் கறுப்பாக மை பூசியது போன்ற தூள் தெரிந்தால், அது அழுக்கு இல்லை, ஆடும் போல்ட் அரைத்துத் தள்ளிய அலுமினியம்.